கொடுத்துப் பரப்புவதா, விற்றுப் பார்ப்பதா?



இம்மாதம் ஒரேயொரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"மகள் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே கணினி படிக்கிறாள். தோழிகள் இருவரோடு சேர்ந்து ஒரு சிறிய கணினி விளையாட்டைச் செய்து முடித்திருக்கிறாள். ஒன்றரை வருட உழைப்பு. இப்போது மூவருக்குள்ளும் வாக்குவாதம். ஒருத்தி, விற்போம் என்கிறாள். மற்றவள், நம்மை யாருக்குத் தெரியும், டொரண்டில் போட்டுச் சும்மா கொடுப்போம், பெயராவது பரவட்டும் என்கிறாள். மகள் என்னிடம் வந்து, 'உம்மா, நீங்க என்ன சொல்றீங்க?' என்று கேட்கிறாள். டொரண்ட் என்றாலே களவு என்கிறார் அவளுடைய வாப்பா. நான் என்ன சொல்ல?"

கேள்வி ஒரு வீட்டுக்கு உரியதுதான். ஆனால் பிள்ளைகள் பாட்டோ, படமோ, கதையோ, விளையாட்டோ செய்யத் தொடங்கிவிட்ட எல்லா வீடுகளுக்கும் இது நாளை வரும். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் டொரண்ட் என்றால் என்ன? நாற்பது பக்கப் பாடக் குறிப்பு ஒன்று ஆசிரியையிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளும் வரிசையில் நின்று அந்த ஒரு கொப்பியைப் பார்த்து எழுதினால் மாதம் முடிந்துவிடும். மாறாக, ஒருத்தி முதல் ஐந்து பக்கத்தை எழுதுகிறாள், மற்றவள் அடுத்த ஐந்தை எழுதுகிறாள், பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் எல்லோரிடமும் முழுக் குறிப்பும் இருக்கும். ஆசிரியைக்கும் களைப்பு இல்லை. பிள்ளைகள் கூடக் கூட வேலை விரைவாக நடக்கும். பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001இல் உருவாக்கிய பிட்டொரண்ட் முறை இதுதான். நடுவில் பெரிய கடை எதுவும் இல்லை. வாங்குகிறவரே கொடுக்கிறவராகவும் இருக்கிறார்.

எனவே முறை களவல்ல. கத்தி வெங்காயமும் அரியும், விரலையும் வெட்டும். உரியவரின் அனுமதியில்லாமல் அவருடைய உழைப்பைப் பிரதி எடுத்துப் பரப்புவதே களவு. அந்தத் தகப்பனார் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் டொரண்டின் பெயர் அப்படித்தான் அறிமுகமாயிற்று. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, எழுதியவர், கண்டுபிடித்தவர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. அதே தீர்மானம், அவ்வுரிமையைக் கையாளும் அதிகாரம் உரியவருக்கே உண்டு என்றும் சொல்கிறது. ஆகவே செய்தவரே மனமுவந்து கொடுத்தால் அது களவாகாது, கொடையாகும்.

இலங்கைச் சட்டமும் இதற்கு மாறானதல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அந்த மூன்று பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சும்மா கொடுத்தாலும் அது அவர்களுடையதே.

இனி நன்மைகளைப் பார்ப்போம்.

பெயர் தெரியாத சிறிய படைப்பாளிக்கு மிகப் பெரிய எதிரி களவு அல்ல. யாருமே திரும்பிப் பார்க்காமல் போவதுதான். போலந்தைச் சேர்ந்த ஒருவர் தனியாளாகச் செய்த மெக்பிக்செல் என்ற விளையாட்டு 2012இல் வெளிவந்தது. பலர் அதைக் காசு கொடுக்காமல் எடுப்பதைக் கண்ட அவர் சண்டைக்குப் போகவில்லை. டொரண்ட் தளத்தோடு பேசி, அந்தத் தளத்தின் வழியாகவே மக்கள் தாம் விரும்பிய விலையைக் கொடுத்து எடுக்க வழி செய்தார். விளையாட்டின் பெயர் எங்கும் பரவியது. அதே ஆண்டில் ஸ்டீம் என்ற பெரிய இணையக் கடையிலும் அதற்கு இடம் கிடைத்தது.

இதைவிடப் பழைய உதாரணம் 1993இல் வந்த டூம் என்ற விளையாட்டு. அதன் மூன்று பாகங்களில் முதற் பாகத்தை யாரும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். மீதி இரண்டும் வேண்டுமென்றால் காசு. உலகமே அந்த முதற் பாகத்தைக் கைக்குக் கை கொடுத்தது. மீதிக்கு ஓடர்கள் குவிந்தன. எங்கள் கடைத்தெருவில் மஸ்கற் விற்பவர் ஒரு துண்டை வெட்டிக் கையில் கொடுப்பதில்லையா? அந்த வியாபார புத்திதான்.

இன்னொரு நன்மையை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எத்தனை ஆபத்து என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள். 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் அதோடு போயின. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் மக்கள் சில மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, எத்தனை வீட்டு உறுதிகள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், கல்யாணப் படங்கள் அலுமாரியிலேயே கிடந்தன! பின்பு புத்தளத்தில் யாராவது உறவினரிடம் ஒரு பிரதி இருந்தால் அதுவே பெரும் பாக்கியம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பிரதி எடுத்து எவரும் படிக்க வைத்திருப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது. கணினி விளையாட்டுக்கும் இதுவே கதி. நின்டெண்டோ நிறுவனம் 2023 மார்ச்சில் தன் பழைய கருவிகள் இரண்டின் இணையக் கடையை மூடியபோது, அங்கே மட்டும் விற்கப்பட்ட பல விளையாட்டுகளை இனி வாங்கவே வழியில்லாமற் போயிற்று. பல கைகளில் இருக்கும் பிரதியை எந்தக் கடைக்காரரும் மூடிவிட முடியாது.

சரி, தீமைகள்?

முதலாவது, வயிற்றுப்பாடு. அவுஸ்திரேலியாவில் இரண்டு சகோதரர்கள் கேம் டெவ் டைக்கூன் என்ற விளையாட்டை 2013 ஏப்ரலில் வெளியிட்டார்கள். விலை எட்டு டொலர். விற்பனைக்கு விட்ட அன்றே, தாங்களாகவே ஒரு திருட்டுப் பிரதியைத் தயாரித்து டொரண்டில் போட்டார்கள். முதல் நாள் கணக்கைப் பார்த்தபோது 214 பேர் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். 3,100 பேருக்கு மேல் அந்த மற்றப் பிரதியை எடுத்திருந்தார்கள். நூற்றுக்கு 93 பேருக்கும் அதிகம்! வேடிக்கை என்னவென்றால், அது ஒரு விளையாட்டுக் கம்பனியை நடத்தும் விளையாட்டு. திருட்டுப் பிரதியில் மட்டும், சில மணி நேரம் கழித்து, 'உங்கள் விளையாட்டை எல்லோரும் களவாக எடுக்கிறார்கள்' என்று செய்தி வரும், கம்பனி வங்குரோத்தாகிவிடும். களவாக எடுத்தவர்களே, 'இந்தக் களவை எப்படித் தடுப்பது?' என்று மற்றவர்களிடம் கேட்டு எழுதினார்கள்.

'காசு அதிகம் என்றுதானே எடுக்கிறார்கள், விரும்பியதைக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள்' என்று சிலர் சொல்வார்கள். 2010 மே மாதத்தில் சில சிறு படைப்பாளிகளின் விளையாட்டுகளை ஒரே கட்டாக்கி, ஒரு சதமானாலும் போதும், விரும்பிய விலை கொடுங்கள், ஒரு பங்கு தருமத்துக்கும் போகும் என்று விற்றார்கள். பன்னிரண்டு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. மனிதரில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. ஆனால் எடுத்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர் அளவில் அந்த ஒரு சதத்தையும் கொடுக்கவில்லை என்று நடத்தியவர்கள் கணக்கிட்டார்கள். இதற்கும் மறுபக்கச் சாட்சி உண்டு.

இரண்டாவது, கையை விட்டுப் போனதைத் திரும்ப அழைக்க முடியாது. விளையாட்டில் ஒரு பிழை இருந்தால், கடையில் விற்றதைத் திருத்தி அனுப்பலாம். டொரண்டில் போனது பிழையோடேயே ஊர் சுற்றும். ஹொட்லைன் மயாமி என்ற விளையாட்டைச் செய்த சுவீடன்காரர் 2012இல், திருட்டுப் பிரதி வைத்திருந்தவர்களிடமே போய், பிழை திருத்த உதவி செய்தார். தன் பெயரில் ஒரு பிழையான பொருள் உலாவுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாவது, போலிகள். யாரோ ஒருவர் உங்கள் விளையாட்டோடு வைரஸைச் சேர்த்து அதே பெயரில் மறுபடி போட்டால், பழி உங்கள் பிள்ளைகளின் தலையில்தான் விழும்.

நான்காவது, பலர் அறியாதது. இம்முறையில் பிரதி வைத்திருப்பவர்கள் கணினியைத் திறந்து வைத்துப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் தேடும் பொருளுக்கு இது நடக்கும். நாற்பது பேர் மட்டும் எடுத்த ஒன்றுக்கு, இரண்டு மாதத்தில் கொடுக்க ஆளிராது. டொரண்டில் போட்டால் தானாகப் பெயர் பரவும் என்பது தவறான எண்ணம். பெயர் இருந்தால்தான் டொரண்டும் ஓடும். தவிர, கொடுப்பதற்கும் டேட்டா செலவாகும். மாத பெக்கேஜில் காலம் தள்ளும் வீட்டுக்கு அதுவும் ஒரு கணக்கு.

விற்றால் நம்மவரின் படைப்பை யார் வாங்குவார்கள் என்று சோர்ந்துபோகவும் வேண்டாம். கனடாவின் டொரொண்டோவில் ஒரு சிறு குழுவினர் செய்த 'வெண்பா' என்ற விளையாட்டு 2023 ஜூலை 31இல் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாயின் கதை. கிழிந்து மங்கிப்போன தன் தாயாரின் சமையற் குறிப்புப் புத்தகத்தை வைத்து, அவள் இட்லியும் பிரியாணியும் சமைக்கிறாள். மகனோ மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகிப் போகிறான். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சிறிய விளையாட்டை முறையாகக் கடைகளிலும் மாதச் சந்தாவிலும் விட்டார்கள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற் படைப்புக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. அடுப்படிக் கதை என்று யாரும் தள்ளிவைக்கவில்லை.

அப்படியானால் அந்தத் தாய் மகளிடம் என்ன சொல்லலாம்? என் யோசனை இது.

முழுவதையும் முதலிலேயே சும்மா கொடுத்துவிட வேண்டாம். ஒரு சிறு பகுதியைத் தனியாகப் பிரித்து, 'இதைப் பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்க எங்கள் அனுமதி உண்டு' என்று அதற்குள்ளேயே எழுதி, டொரண்டிலும் விடலாம், பென் டிரைவிலும் கொடுக்கலாம். முழு விளையாட்டும் எங்கே கிடைக்கும் என்ற முகவரியும் அதில் இருக்கட்டும். முழுவதை விற்க, ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் முன்கட்டணம் உண்டு. அது கஷ்டம் என்றால் இட்ச் டொட் ஐஓ என்ற தளத்தில் முன்பணம் இல்லாமல் தொடங்கலாம். வாங்குகிறவர் விரும்பிய விலை கொடுக்கும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. காசு கைக்கு வந்து சேரும் வழியை மட்டும் முன்கூட்டியே வங்கியில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓரிரு வருடம் போய், விற்பனை ஓய்ந்த பிறகு, முழுவதையும் பொதுவில் கொடுத்துவிடலாம். அப்போது அது அழியாமல் பல கைகளில் இருக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மூன்று பிள்ளைகளும் ஒரு தாளில், யார் என்ன செய்தார்கள், வரும் காசில் யாருக்கு எவ்வளவு, இலவசமாகக் கொடுப்பதென்றால் மூவரும் சம்மதிக்க வேண்டுமா என்று எழுதிக் கையொப்பமிடட்டும். ஒருத்திக்கு நாளை கல்யாணமாகி வேறூர் போகக்கூடும். சிநேகிதம் காசில்தான் முறியும் என்பது பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. விளையாட்டில் வரும் இசையும் படமும் பிறருடையதா என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும். தன் உழைப்புக்கு மரியாதை கேட்பவள் பிறர் உழைப்புக்கும் அதைக் கொடுக்க வேண்டும்.

இது எங்கள் எல்லோர் வீட்டுக்கும் பொருந்தும். மகன் பென் டிரைவில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், 'எங்கே எடுத்தாய்?' என்று அதட்டுவதைவிட, 'இதைச் செய்தவர் கொடுத்தாரா, நாமாக எடுத்தோமா?' என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் கேள்வி அது. பதிலை அவனே கண்டுபிடிப்பான்.