புதுப் பந்து வாங்கும் முன்...

1973இல் அமெரிக்காவின் தொழில்முறை டென்பின் பவுலிங் வட்டாரத்தில் ஒரு விநோதம் நடந்தது. டான் மெக்கியூன் என்ற ஆட்டக்காரர் தன் பிளாஸ்டிக் பந்தை மெதில் எதில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறப் போட்டார். பந்தின் மேல்தோல் இளகியது. இளகிய தோல் தளத்தை இறுகப் பற்றியது. மற்றவர்களின் பந்தைவிட அதிகமாக வளைந்து கட்டைகளுக்குள் புகுந்தது. அந்த ஒரே ஆண்டில் ஆறு பட்டங்கள். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே. விஷயம் கசிந்ததும் மற்றவர்களும் வாளியும் கரைப்பானுமாகக் கிளம்பினார்கள். எளிதில் தீப்பிடிக்கும் திரவம், மூக்கைத் துளைக்கும் நெடி. கடைசியில் பந்து எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதற்குக் கீழ்வரம்பு விதித்து இந்த வைத்தியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அந்தக் கண்காணிப்பு இன்னும் ஓயவில்லை. 2022இல்கூட, கடினத்தன்மை போதவில்லை என்று சில வகைப் பந்துகளை அமெரிக்க பவுலிங் சங்கம் தன் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது.

மெக்கியூனின் வாளி போய்விட்டது. ஆனால் பந்தின் தோல் ஆட்டத்தின் போக்கையே மாற்றும் என்று அவர் காட்டியதை இன்றும் பலர் மறந்துவிடுகிறார்கள். பெங்களூரு, சென்னை, மும்பை, டெல்லி என்று பவுலிங் மையங்கள் உள்ள ஊர்களில், வாடகைப் பந்தை விட்டுச் சொந்தப் பந்துக்கு மாறியவர்களிடம் ஒரு புலம்பல் உண்டு. வாங்கிய புதிதில் நன்றாக வளைந்த பந்து, சில மாதங்களில் நேராக ஓடத் தொடங்குகிறது. முதலில் மணிக்கட்டின் மேல் சந்தேகம் வரும். பிறகு நிற்கும் இடம் மாறும். கடைசியில் 'பந்து செத்துவிட்டது' என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்றைத் தேடுவார்கள். நல்ல பந்து அமெரிக்காவிலேயே 150 டாலருக்கு மேல். இங்கே அதற்குச் சரக்குக் கூலியும் சுங்க வரியும் சேரும். பல சமயங்களில் இந்தச் செலவு தேவையே இல்லை.

தோலுக்கு என்ன ஆகிறது?

மையங்களில் எல்லோரும் எடுத்து வீசும் வாடகைப் பந்து பெரும்பாலும் பாலியெஸ்டர். நேராக ஓடுவதுதான் அதன் வேலை. தேய்ந்தாலும் பெரிய நஷ்டமில்லை. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்துகளும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்துகளும் வந்த பிறகுதான் கதை மாறியது. ரெசின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை தளத்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

தளத்தில் எண்ணெயா என்று கேட்கலாம். வீசும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. அதில் ஏறத்தாழ முதல் 40 அடிக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். மீதி உலர்ந்த தளம். பந்து எண்ணெயில் வழுக்கிச் சென்று, உலர்ந்த இடத்தில் தளத்தைப் பற்றித் திரும்ப வேண்டும். கட்டைகளுக்குள் சுமார் 6 டிகிரி கோணத்தில் நுழைந்தால் பத்தும் விழும் வாய்ப்பு அதிகம். நேராகப் போகும் பந்துக்கு அந்தக் கோணம் கிடைக்காது.

ஒவ்வொரு வீச்சிலும் தோலுக்கு இரண்டு கேடு. நுண்துளைகளில் எண்ணெய் ஏறி அடைத்துக்கொள்கிறது. தளத்தோடு உரசும் இடம் தன் இயல்பை இழக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: சொரசொரப்பாக வாங்கிய பந்து உரசி உரசிப் பளபளப்பாகும், பளபளப்பாக வாங்கிய பந்து உரசி உரசி மங்கும். வழுவழுப்பாகிப்போன அம்மியில் மிளகாய் அரைபடாது, வழுக்கும். அதற்காக யாரும் அம்மியைத் தூக்கி எறிந்ததில்லை, கொத்துகிறவரைக் கூப்பிட்டார்கள். பந்துக்கும் அதே வைத்தியம்தான்.

எப்போது?

ஓரளவு தீவிரமாக ஆடுகிறவர்கள் 60 ஆட்டங்களுக்கு ஒருமுறை முழுமையாகத் தேய்ப்பது பொதுவான வழக்கம். எண்ணெய் அதிகம் பூசும் மையத்தில் ஆடினால் இன்னும் முன்பே தேவைப்படலாம். கணக்கு வைக்காதவர்களுக்குப் பந்தே சொல்லிவிடும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தளத்தில் உருளும் பகுதி மட்டும் தனி வளையமாக மின்னும். கோடை வெயிலில் பைக்குள் வைத்த பந்து எண்ணெயாக வியர்க்கும். எப்போதும் வீசும் அதே கோட்டில், அதே வேகத்தில் வீசியும் திரும்பும் இடம் தள்ளிப்போகும். சரியான இடத்தில் அடித்தும் ஓரத்துக் கட்டை அசையாமல் நிற்கும்.

எப்படி?

பந்து வன்பொருள் கடைச் சரக்கல்ல. மர வேலைக்கு வாங்கும் முரட்டு உப்புத்தாள் இதற்கு ஆகாது. பஞ்சு போன்ற வட்டத் துண்டில் மேல்பூச்சாக அமைந்த தேய்ப்புத் தாள்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. 500, 1000, 2000, 4000 என்று எண் உண்டு. எண் ஏற ஏற மென்மை.

முதலில் பந்துக்கென விற்கும் திரவத்தால் மேல் அழுக்கைத் துடைக்க வேண்டும். பிறகு பந்தைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, 500ஆம் எண் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பகடைக்கு ஆறு முகம் போலப் பந்துக்கும் ஆறு பக்கம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால் தவறாது. இயந்திரம் இல்லையென்றால் துண்டைச் சும்மாடு போலச் சுற்றி அதன் மேல் பந்தை வைத்துக் கையாலும் தேய்க்கலாம். பொறுமை அதிகம் வேண்டும்.

இந்த முதல் தேய்ப்பில் அடைபட்ட துளைகள் திறந்துகொள்ளும். எண்ணெயை வெளியே எடுக்க இதுவே தருணம். விரல் துளைகளை நாடாவால் ஒட்டி மூடி, வெந்நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பது நின்றால் போதும். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடக் கூடாது. அடுப்பிலும் ஓவனிலும் வைத்துச் சூடேற்றுவது ஆபத்து. தோல் வெடித்தால் எந்தத் தாளாலும் சரிசெய்ய முடியாது.

உலர்ந்த பிறகு 1000, அடுத்து 2000 என்று ஏறலாம். எண் மாறும்போதெல்லாம் பழைய குழம்பைக் கழுவித் துடைக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைப் பந்தைத் தயாரித்தவர்களே குறிப்பிடுகிறார்கள். அந்த எண்ணுக்குத் திரும்புவதுதான் நோக்கம். சொரசொரப்பு கூடினால் வளைவும் கூடும் என்று 500லேயே நிறுத்திவிடுகிறவர்கள் ஏமாறுவார்கள். அத்தகைய பந்து சீக்கிரமே தளத்தைப் பற்றி, கட்டைகளை அடையும்போது வலுவிழந்திருக்கும். தேய்க்காமல் மேலே பாலிஷ் மட்டும் போடுவதும் பயன் தராது. அடைப்பு அப்படியே இருக்கும்.

போட்டிக்குப் போகிறவர்கள் இரண்டு விதிகளை நினைவில் வைக்க வேண்டும். பந்தின் முழுப் பரப்பையும் தேய்க்க வேண்டும். வளையத்தை மட்டும் தேய்க்கக் கூடாது. போட்டி தொடங்கிய பிறகு தாளைத் தொடவே கூடாது.

எல்லாப் பந்தையும் மீட்க முடியாது என்பதும் உண்மை. ஆழமான வெட்டும் விரிசலும் தேய்த்துப் போகாது. பல ஆண்டுகள் எண்ணெய் குடித்த தோல் பழைய வீச்சைத் திரும்பத் தருவதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ஒவ்வொரு வீச்சுக்கு முன்பும் உலர்ந்த துண்டால் துடைப்பதும், ஆட்டம் முடிந்த சூட்டோடு சுத்தம் செய்வதும் அந்த நாளைத் தள்ளிப்போடும். பைக்குள் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போட்டு, அன்றன்று ஆடிய ஆட்டங்களைக் குறித்துவைத்தால், பந்து எப்போது தேய்ப்புக் கேட்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.