ரயில் நின்றால்தான் கம்போங் பிழைக்கும்



அடுத்த பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகப் போகிறீர்கள்? கெந்திங்கா? கேமரன் மலையா? நான் வேறோர் இடம் சொல்கிறேன். கிளந்தான் உட்புறத்தில் இருக்கும் டாபோங்!

அது ஒரு மலாய் கம்போங். பக்கத்திலேயே ஸ்தோங் மலை, ஜெலாவாங் நீர்வீழ்ச்சி, குவா ஈக்கான் குகை. கிம்மாசிலிருந்து தும்பாட் போகும் பாதையில் ரயில் அங்கே நிற்கிறது. பல்லாண்டு காலம் அந்த வட்டார மக்களுக்கு ரயில்தான் சடக்கு.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். அந்தப் பாதை 1931-இல் முழுமை பெற்றது. ஜப்பான்காரன் காலத்தில் மெந்தகாப் முதல் கிராய் வரையிலான தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனார்கள். தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் அங்கேதான் ஏற்றிப் போனார்கள். போருக்குப் பிறகு தண்டவாளம் மீண்டும் போடப்பட்டது. போன ஆட்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

இப்போது சுற்றுலாவுக்கு வருவோம். டூர் பஸ்ஸில் வருகிறவன் படம் பிடிப்பான், பட்டணத்தில் ஏற்பாடு செய்த சாப்பாட்டைச் சாப்பிடுவான், போய்விடுவான். ரயிலில் வருகிறவன் கால்நடையாக இறங்குகிறான். அவனுக்குக் கடை வேண்டும், வாடகை வேன் வேண்டும், வழிகாட்டி வேண்டும், இராத் தங்க வீடு வேண்டும். அந்தக் காசு கம்போங்கிலேயே தங்கும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபு ரயில் பாலம் அடித்துப் போனதும், தெற்கிலிருந்து டாபோங்குக்கு ரயில் வர வழியில்லாமல் போனது. பாலம் மீண்டும் எழ ஆண்டுகள் ஆயின. அதுவரை நட்டம் யாருக்கு? பெரிய ஹோட்டல்காரனுக்கா?

நாடு முழுதும் நடமாடும் உரிமையை அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு தருகிறது. வண்டி நிற்காத ஊரில் அது வெறும் காகிதம். பஸ்ஸுக்காக லயத்திலிருந்து செம்மண் சடக்கில் நடந்த நம் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

665 கிலோமீட்டர் புதிய கிழக்குக்கரை ரயில் திட்டம் கோத்தாபாருவிலிருந்து கடலோரமாகப் போகிறது. நல்லதுதான். ஆனால் அது டாபோங் பக்கம் வராது. புதியதைக் காட்டிப் பழைய பாதையின் சேவையைக் குறைக்க விடக்கூடாது. இலாபக் கணக்குப் பார்த்தால் எந்தச் சின்ன ஊரிலும் ரயில் நிற்காது.

மலாய் கம்போங் ஆனால் என்ன? ஏழையின் வலி ஒன்றுதான். குடும்பத்தோடு ரயில் ஏறுங்கள். கம்போங் கடையில் சாப்பிடுங்கள். திரும்பி வந்து, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்: எங்கள் ஊருக்கு வண்டி எப்போது?