பேய் சொல்லும் சாட்சி

பேய்ப்படம் என்றாலே படித்தவர்கள் உதட்டைப் பிதுக்குவது வழக்கம். பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று பகலில் பேசுவோம். அதே படம் இரவில் விடுதித் தொலைக்காட்சியில் வந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்போம். நானும் பேயை நம்புகிறவன் அல்லன். ஆயினும் கிராமத்தில் நிகழும் பேய்க்கதைகளில் பெரும்பாலும் ஒரு கொலை மறைந்து கிடக்கிறது. அக்கொலையைச் சொல்ல உயிரோடு இருப்பவர் எவரும் முன்வராமல், ஓர் ஆவியோ மறுபிறவியோ வரவேண்டியிருப்பது ஏன்? மாணவ நண்பர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1963இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தை எடுத்துக்கொள்வோம். நண்பனின் ஊருக்குச் செல்லும் இளைஞன் ஒருவன், பாழடைந்த ஜமீன் மாளிகையைக் கண்டதும் தன் முற்பிறவியை நினைவு கூர்கிறான். அப்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். ஏழைப்பெண் கண்ணம்மாவைக் காதலித்தான். ஜமீன்தார் அவளைக் கொன்றுவிட்டார். கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலர்கள். ஜமீன்தாராக வரும் நம்பியாரோ 109 வயதுக் கிழவராகியும் பகை ஆறாமல் காத்திருக்கிறார். முடிவில் அவரைப் பிடிக்கக் காவல்துறை வருவதில்லை, புதைமணல் விழுங்குகிறது. ஏ.வின்சென்டின் ஒளிப்பதிவில் அந்த மாளிகையின் நிழல்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. மறுபிறவி என்ற போர்வையை நீக்கிப் பாருங்கள். எஞ்சி நிற்பது என்ன? இன்று நாம் ஆணவக்கொலை என்கிறோமே, அதுதான்.

அதே வின்சென்ட் மறு ஆண்டே மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்ற படத்தை இயக்கினார். கதையும் திரைக்கதையும் வைக்கம் முகம்மது பஷீருடையவை. பேய் வீடு என்று ஊரார் அஞ்சும் வீட்டுக்கு ஓர் எழுத்தாளன் குடிவருகிறான். பார்கவி காதல் தோல்வியால் கிணற்றில் விழுந்து மாண்டாள் என்பது ஊரார் கூற்று. எழுத்தாளனோ அவளோடு பேச்சுக் கொடுத்து, அவள் வரலாற்றை எழுத எழுத, அது தற்கொலையன்று, கொலை என்பது வெளிப்படுகிறது. இந்த எழுத்தாளனை எனக்கு மிகவும் பிடிக்கும். பேயை விரட்ட மந்திரவாதியை அழைக்காமல், அது சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டானே!

‘தற்கொலை’ என்ற அந்தச் சொல் நமக்கு அந்நியமானதா? 2015இல் பொறியியல் படித்த இளைஞர் ஒருவரின் உடல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. முதலில் தற்கொலை போலவே காட்டப்பட்டது. வழக்கு நடந்தபோது சாட்சிகள் பலர் பிறழ்சாட்சியாயினர். திருச்செங்கோட்டுக் கோயிலின் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. அவர் கடைசியாக யாரோடு இருந்தார் என்பதை அது காட்டியது. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் உயர்நீதிமன்றம் அவர்களுள் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மிரட்டவும் விலைக்கு வாங்கவும் முடியாத சாட்சி ஒன்று வேண்டும் என்றுதான் அன்றைய கதாசிரியர்கள் பேயைப் படைத்தார்கள் போலும். அந்த வேலையை இங்கே ஓர் இயந்திரம் செய்தது.

இதையெல்லாம் இந்த மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்த நாள் தொட்டு, எத்தனை மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்! ஒரே கம்பெனி பஸ், ஒரே ஷிப்டு, ஒரே கேன்டீன். அங்கே யாரும் யாரிடமும் சாதி கேட்டுவிட்டுச் சிரிப்பதில்லை. காதல் பிறக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதுதான் அச்சமும் உடன் வருகிறது. நம் வகுப்புகளிலேயே படிப்பை முடித்துவிட்டு அந்த பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள் எத்தனை பேர்!

அண்மைக்காலப் பேய்ப்படங்கள் மீது எனக்குள்ள மனக்குறையும் இதுவே. 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தைப் பறித்துக்கொண்டு, அதன் உரிமையாளரைக் கொன்று அந்த நிலத்திலேயே புதைக்கிறார்கள். நிலம் விலை ஏறிய நம் பகுதியினர்க்கு எளிதில் புரியும் கதை. திருநங்கை ஒருவரைக் கதையின் உயிராக வைத்ததும் பாராட்டத்தக்கது. ஆனால் ஆவி எழுந்து வில்லனைக் கொல்கிறது, நாம் கைதட்டுகிறோம், வீடு திரும்புகிறோம். பழி தீர்ந்ததால் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணம்மாவின் கதையில் நினைவு கூரும் பொறுப்பு உயிரோடு இருப்பவனிடம் இருந்தது. பார்கவியின் கதையில் எழுதும் பொறுப்பும் அப்படியே.

யாரேனும் இப்பகுதியில் ஒரு பேய்ப்படம் எடுக்க வந்தால் நல்லது. சாலை அகலமாகிப் புளியமரங்கள் போய்விட்டன, பேய் எங்கே நிற்கும் என்று என் அறைத்தோழன் கேட்கிறான். இரவு ஷிப்டு விடும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்கட்டும் என்றேன். பேச்சுக் கொடுக்க நம்மில் ஒருவன் இருந்தால் போதும்.