விளக்கடியில் நின்றவள்

போர் என்றதும் பீரங்கியும் பிணக்குவியலும், வென்றவர் பெயரும் தோற்றவர் பெயருமே நம் நினைவுக்கு வருகின்றன. வரலாற்று நூல்களும் பெரும்பாலும் இவற்றோடு நின்றுவிடுகின்றன. ஆயின், பதுங்கு குழியிலே கண் துஞ்சாது காவல் நிற்கும் சிப்பாயின் நெஞ்சில் நிறைந்திருப்பது பல வேளைகளில் தளபதியின் கட்டளையன்று. தன் ஊரிலே தான் விட்டுவந்த ஒருத்தியின் முகமே. அந்த ஏக்கம் வீரனின் கையைத் தளர்த்துமா, அன்றி நெஞ்சைத் தாங்குமா? இரண்டாம் உலகப் போரிலே இரு தரப்பு மேலிடங்களையும் கலங்கவைத்த வினா இது. அதனை எழுப்பியது ஒரு காதற் பாட்டு என்றால் வியப்பாக இல்லையா?

அப்பாட்டின் கதை முதலாம் உலகப் போரிலே தொடங்குகிறது. 1915ஆம் ஆண்டிலே, ஹம்பேர்க் நகரத்து இளைஞரான ஹான்ஸ் லைப் ருசியப் போர்முனைக்குப் புறப்படும் வேளையில் ஒரு கவிதை எழுதினார். படைமுகாமின் வாயிலிலே ஒரு விளக்கு, அதன் கீழே காதலியோடு நிற்கும் ஒரு சிப்பாய், அவனை உள்ளே அழைக்கும் ஊதுகொம்பின் ஒலி, அதன்பின் பிரிவு. இவ்வளவே அதன் பொருள். லிலி, மர்லேன் என்னும் இரு பெண்களின் பெயர்களை இணைத்து அவர் ஒருத்தியைப் படைத்தார் என்பர். போர்முனை சென்ற அவ்வீரனைச் சாவின் அச்சம் அவ்வளவாக வருத்தவில்லை. தான் மீளாவிடின், அந்த விளக்கடியிலே அவளருகில் வேறொருவன் நிற்பானோ என்னும் எண்ணமே அவனை வாட்டுகிறது.

அக்கவிதை நூலில் வெளிவந்தது 1937இல். மறு ஆண்டிலே நோபேட் ஷூல்ட்ஸ அதற்கு இசையமைத்தார். 1939இல் லாலே அண்டர்சன் என்னும் பாடகியின் குரலில் 'லிலி மர்லேன்' இசைத்தட்டாயிற்று. அன்று அதனை விரும்பி வாங்கியோர் மிகச் சிலரே.

1941ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே பெல்கிரேட் நகரம் ஜேர்மனியர் கைப்பட்டது. அங்கிருந்த வானொலி நிலையத்தை அவர்கள் தம் படைவீரருக்கான ஒலிபரப்பு நிலையமாக மாற்றினர். ஒலிபரப்புவதற்குப் போதிய இசைத்தட்டுகள் இல்லாமையால் வியன்னாவிலிருந்து சிலவற்றை வருவித்தனர். அவற்றிடையே கிடந்தது இந்தப் பழைய தட்டு. அதனை ஒலிபரப்பியதும் மீண்டும் கேட்க வேண்டுமென வீரரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. பின்னர் நாள்தோறும் இரவு பத்து மணிக்குச் சற்று முன்னதாக அப்பாட்டு ஒலித்தது.

அந்நிலையத்தின் ஒலி மத்தியதரைக் கடலைக் கடந்து வட ஆபிரிக்கப் பாலைவனத்தையும் எட்டியது. ஆங்கே ஜேர்மானியப் படையும் பிரித்தானியரின் எட்டாம் படையும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. பகலெல்லாம் ஒருவரை ஒருவர் கொல்ல முயன்றவர்கள், இரவிலே ஒரே பாட்டுக்குச் செவிசாய்த்தனர். மொழி விளங்காத பிரித்தானிய வீரனுக்கும் அக்குரலின் துயரம் விளங்கிற்று. பகைவனின் லிலியிலே தன் ஊர்க் காதலியைக் கண்டான். ஈற்றில் 1944இல் அதற்கு ஆங்கில வரிகளும் எழுதப்பட்டன.

ஆனால் மேலிடத்தார் மகிழவில்லை. சோர்வு தரும் இப்பாட்டு நாசிப் பிரசார அமைச்சர் கோயபல்சுக்குப் பிடிக்கவில்லை. சுவிற்சர்லாந்திலிருந்த யூத நண்பர்களோடு கொண்டிருந்த தொடர்பு காரணமாக 1942இல் லாலே அண்டர்சன் மேடையேறுவதும் தடுக்கப்பட்டது. எதிர்த்தரப்பிலும் இத்தகைய ஐயம் இருந்தது. வேரா லின் என்னும் பாடகி 1941 நவம்பரிலே பி.பி.சி. வானொலியில் போர்வீரருக்கென ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். பிள்ளை பெற்ற தாய்மாரை மருத்துவமனைகளிலே கண்டு, அந்த நற்செய்தியைத் தொலைவிலிருந்த தந்தையருக்கு வானொலி வழியே அறிவித்தார். கண்ணீர்ப் பாடல்கள் வீரரின் மனவுறுதியைக் குலைக்குமென அங்கும் சிலர் முறையிட்டனர். மிகையுணர்ச்சிப் பாடல்களுக்கு 1942இல் பி.பி.சி. கட்டுப்பாடு விதித்தது.

வீரர் அளித்த விடை வேறு. 1944இல் வேரா லின் பர்மாப் போர்முனைக்கே சென்று பதினான்காம் படையினர் முன் பாடினார். உலகம் தம்மை மறந்துவிட்டதென மனம் நொந்திருந்த அவர்கள், தம்மை நினைப்போரும் உளர் என அறிந்து ஆறுதலடைந்தனர். ஏக்கம் அவர்களைக் கோழைகளாக்கவில்லை. மீண்டு செல்ல ஓர் இடம் உண்டு என்பதையே நினைவூட்டியது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். போர்க்களத்திலே புறப்புண்ணுக்கு நாணிய தமிழ் மரபு, பாசறையிலே தலைவியை நினைந்து வருந்துதலை நாணத்தக்கதாக எண்ணவில்லை. 'பாசறைப் புலம்பல்' என அதற்குப் பெயரிட்டுத் தொல்காப்பியம் அகத்திணையிலே இடமளித்தது. வீரமும் ஈரமும் ஒரே நெஞ்சில் வாழும் என்பதை அறிந்தோர் வகுத்த இலக்கணம் அது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அந்தப் பாட்டு போரை நிறுத்தவில்லை. அதனைக் கேட்டுக் கண்கலங்கியவரே மறுநாட் காலையிலே துப்பாக்கியை ஏந்தினர். நாசிப் படை இழைத்த கொடுமைகளையும் எந்தக் காதற் பாட்டும் கழுவிவிட இயலாது. அப்பாட்டு செய்தது ஒன்றே: பகைவனுக்கும் காத்திருப்பாள் ஒருத்தி உண்டு என்பதை இரவுதோறும் சில நிமிடம் உணர்த்திற்று.

மாணவ நண்பர்களே, போர்களின் வரலாற்றைப் படிக்கும்பொழுது ஆண்டுகளையும் தளபதிகளின் பெயர்களையும் மனங்கொள்ளுங்கள். தேர்வுக்கு அவை வேண்டும். அத்துடன், மாண்டவர் தொகையைக் காணுமிடமெல்லாம் ஒரு கணம் நின்று, அத்தனை பேருக்காக எத்தனை வாயில்களிலே எத்தனை பேர் காத்திருந்திருப்பர் என்றும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை எந்த வரலாற்று நூலும் தருவதில்லை.