வட்டமிடுவது யார்?



நீலகிரியின் தெப்பக்காட்டுக்குப் போகிறவர்கள் யானை முகாமில் கவளம் ஊட்டுவதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போனால் இன்னும் ஒரு மணி நேரம் மாயாற்றங்கரையில் இருங்கள். வெயில் ஏறி, நிலம் சூடாகி, வெப்பக் காற்று மேலே எழும் நேரம் அது. அதுவரை மரக்கிளையில் காத்திருந்த பெரும் பறவைகள் ஒவ்வொன்றாய் அந்தக் காற்றில் ஏறி, சிறகசைக்காமல் வட்டமிடத் தொடங்கும். கீழே நிற்பவர்களில் ஒருவர் "கழுகு" என்பார், இன்னொருவர் "பருந்து" என்பார். இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தவறாகவும் இருக்கலாம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் கேட்டதாக ஒரு வாசகர் நமக்கு எழுதியிருந்தார். அரபு நாடுகளில் பைரி என்ற வேட்டைப் பறவையைக் கையில் ஏந்தி வேட்டைக்குப் பழக்குகிறார்களே, நம் ஊர் வல்லூற்றை அப்படிப் பழக்கலாமா என்பது கேள்வி. சுருக்கமான பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டிலிருந்து ஒரு வல்லூறுக் குஞ்சை எடுத்து வருவதே குற்றம். ஆனால் அந்தப் பையனின் ஆசையில் ஒரு நல்ல விதை இருக்கிறது. இந்தப் பக்கம் அவனுக்காக.

வேட்டைப் பறவைகளைப் பழக்கியவர்கள் நம் நாட்டில் அவற்றை முதலில் கண்ணை வைத்துத்தான் இரண்டாகப் பிரித்தார்கள். கருவிழிப் பறவைகள் ஒரு வகை, மஞ்சள் விழிப் பறவைகள் இன்னொரு வகை. பைரி கருவிழிக்காரர். கூரிய நீண்ட சிறகு. உயரத்திலிருந்து மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து, பறக்கும் இரையை அடிப்பவர். நீலகிரியின் செங்குத்துப் பாறைகளில், கறுத்த தலையும் செம்பழுப்பு வயிறுமாக உட்கார்ந்திருக்கும் ஷாகீன் இந்த இனத்தின் உள்ளூர்ச் சொந்தம். வல்லூறு மஞ்சள் விழி வகை. வளர்ந்த ஆணுக்கு அந்த மஞ்சள் சிவப்பாகவே மாறிவிடும். புறா அளவு உடல், குட்டைச் சிறகு, நீண்ட வால். மரங்களுக்கு நடுவே தாழப் புகுந்து ஓணானையும் சிறு பறவையையும் தூக்கும். அணில்களும் தவிட்டுக்குருவிகளும் திடீரென்று கூச்சல் போட்டால், பக்கத்தில் வல்லூறு இருக்கிறதா என்று தேடுங்கள்.

மற்றவர்களை அடையாளம் காண வாலையும் சிறகையும் காலையும் பாருங்கள். வால் நுனி நடுவில் பிளந்திருந்தால் அது ஊர்ப்புறங்களில் திரியும் கள்ளப்பருந்து. உடல் செங்காவி, தலை வெள்ளை, வால் நுனி வட்டம் என்றால் நாம் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன், அதாவது செம்பருந்து. விசிலடிப்பதுபோல் உரக்கக் கூவிக்கொண்டே வட்டமிடும் பெரிய பறவையின் சிறகடியில் அகலமான வெள்ளைப் பட்டை ஓடினால் அது பாம்புக் கழுகு. ஓடைக்கரை மரத்தில் அமர்ந்திருக்கும்போது அதன் முகத்தின் மஞ்சளும் இறகில்லாத கால்களும் தெரியும். குடுமிப் பருந்துக்கோ விரல் தொடங்கும் இடம் வரை காலில் இறகு இருக்கும்; தலையில் நீண்ட குடுமி நிமிர்ந்து நிற்கும். குன்னூர்ப் பக்கம் சோலைக்கும் தேயிலைக்கும் மேலே, மர உச்சியை உரசுவதுபோல் மெதுவாக மிதந்து போகும் முழுக் கறுப்புப் பறவை கருங்கழுகு. மற்றப் பறவைகளின் கூடுகளில் முட்டையும் குஞ்சும் தேடி வருகிறது அது.

பழக்கும் கலைக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்தில் இதற்கு இடம் உண்டு. குமாவுன் அரசர் ருத்ரதேவர் இதற்கென்றே சியைனிக சாஸ்திரம் என்று தனி நூல் எழுதினார். 1948 முதல் 1952 வரை சென்னை ஆளுநராக இருந்த பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜியின் சமஸ்தானமும் இந்தக் கலைக்குப் பேர்போனது. அவருடைய தம்பி தர்மகுமார்சிங்ஜி பறவை பழக்குவதிலும் பறவையியலிலும் கைதேர்ந்தவர்.

அந்தக் கலையின் அடிப்படை மிக எளிது, செய்வதுதான் அரிது. வேட்டைப் பறவையை அடித்தோ மிரட்டியோ பணியவைக்க முடியாது. அச்சம் அதற்குக் கண் வழியாக வருவதால் தோல் குல்லாய் மாட்டி அமைதிப்படுத்துவார்கள். காலில் தோல்வாரும் சிறு மணியும் கட்டுவார்கள். புதருக்குள் இறங்கினாலும் மணியோசை இடத்தைக் காட்டும். தடித்த கையுறை போட்ட முஷ்டியில் உட்காரவைத்து, இறைச்சித் துண்டு கொடுத்து, மணிக்கணக்காக, நாள்கணக்காக அசையாமல் இருப்பார்கள். பிறகு கயிற்றில் கட்டிய இறகுப் பொம்மையைச் சுழற்றித் திரும்ப அழைக்கப் பழக்குவார்கள். தினமும் எடை பார்ப்பது முக்கியம். வயிறு நிறைந்த பறவை திரும்பி வராது, மெலிந்த பறவையால் பறக்க முடியாது. நாய் போல அது எஜமானிடம் அன்பு வைப்பதில்லை. இந்தக் கை தன்னை ஏமாற்றாது என்று நம்பித்தான் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. ஆகவே பழக்குகிறவருக்குப் பொறுமையும் கூர்ந்த கவனிப்பும் மற்ற எதையும்விட முக்கியம்.

அந்தக் கவனிப்பு ஓர் இனத்தையே காப்பாற்றிய கதை உண்டு. டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பைரி அற்றே போனது. பறவை பழக்குவதில் தேர்ந்த டாம் கேட் என்ற பேராசிரியர் 1970இல் பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். பழக்குபவர்களின் அனுபவத்தைக் கொண்டே குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டார்கள். அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து 1999இல் பைரி அங்கே நீங்கியது. அந்த அமைப்பின் ஆய்வுக்குழுதான் பின்னர் பாகிஸ்தானில் கொத்துக்கொத்தாகச் செத்துவிழுந்த பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, ஆராய்ந்தது. மாடுகளுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக்தான் எமன் என்று 2004இல் உலகுக்குச் சொன்னதும் அதுவே. மருந்து ஊறிய மாடு செத்தால், அந்த இறைச்சியைத் தின்ற பாறு சிறுநீரகம் செயலிழந்து சாகிறது.

கண்டம் கடந்து வந்த இந்தக் கதை, நம் மாயாற்றில் வந்து முடிகிறது. தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் மிகச் சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. ஓடையோர நீர்மருதுகளின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறைகளைத் தேடுகிறது. செந்தலைப் பாறும், திருக்கழுக்குன்றத்து மலையில் சோறு வாங்கித் தின்ற கழுகின் இனமான மஞ்சள்முகப் பாறும் இங்கே உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகின்றன. குஞ்சு முதிர்ந்து தானும் இணைசேர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். எனவே ஒரு பாறு விஷத்தால் செத்தால், அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் வேண்டும்.

"பிணந்தின்னி" என்று சொல்லி அந்தப் பறவையை நாம் நெடுங்காலமாக அருவருத்து வந்திருக்கிறோம். சங்கத் தமிழில் அதற்குப் பாறு என்று அழகான பெயர் இருக்கிறது. அழுகும் உடலைச் சில மணி நேரத்தில் துடைத்தெடுத்து, நோய் பரவாமல் காக்கும் காட்டின் துப்புரவாளருக்கு அந்தப் பெயரையே திருப்பிக் கொடுப்போம்.

அந்தப் பையனுக்கும், அவனைப்போல ஆசைப்படும் எல்லோருக்கும் சொல்கிறேன். கையுறையும் தோல்வாரும் நமக்கு வேண்டாம். அந்தக் கலையின் பொறுமையும் கவனிப்பும் போதும். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். கண், சிறகு, வால், கால், குரல் என்று ஐந்து கட்டம் போடுங்கள். வீட்டு மாடியில் தொடங்கி ஓராண்டு எழுதுங்கள். அடிபட்ட பறவையைக் கண்டால் வளர்க்க எடுத்துப்போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மாடு வைத்திருக்கும் வாசகர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் போடுவது 2006இலேயே தடைசெய்யப்பட்டது. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் தடையாயின. உங்கள் மாட்டுக்கு வலியோ காய்ச்சலோ வந்தால், பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் போடலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். புலி அடித்த மாட்டின் உடலில் ஆத்திரத்தில் விஷம் வைக்காதீர்கள். இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் விண்ணப்பியுங்கள். மருத்துவரிடம் நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியால், மாயாற்றங்கரை நீர்மருதில் இந்த ஆண்டு ஒரு குஞ்சு பறக்கக்கூடும்.

அன்புடன்,
ஆசிரியர்