ஒரு பெயர் என்ன விலை?

2019-ம் ஆண்டு ஒரே ஒரு ஆங்கிலச் சொல் 3 கோடி டாலருக்கு விலைபோனது. 'வாய்ஸ் டாட் காம்' என்ற இணையதளப் பெயர்தான் அது. விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம். வாங்கியது பிளாக் ஒன் என்ற நிறுவனம். அன்றைய மதிப்பில் 200 கோடி ரூபாய்க்கும் மேல். இடம் இல்லை, கட்டடம் இல்லை, இயந்திரம் இல்லை. வெறும் பெயர்!

இப்படியொரு செய்தியைப் படித்ததும் பலருக்கும் ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். 'ஆயிரம் ரூபாய் கட்டி நாமும் ஒரு பெயரைப் பதிவு செய்து வைத்தால் என்ன? நாளைக்கே யாராவது லட்சத்துக்குக் கேட்டு வரமாட்டார்களா?' வரலாம். ஆனால், அதற்கு முன் அந்தப் பெயரின் விலையைக் கணிக்கத் தெரிய வேண்டும்.

சொந்தமா, வாடகையா?

டொமைன் எனப்படும் இணையதளப் பெயரை யாரும் நிலம்போல ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. கட்டணம் கட்டும்வரைதான் அது நம் கையில் இருக்கும். 1995 வரை டாட் காம் பெயர்களைப் பதிவு செய்ய கட்டணமே கிடையாது. அந்த ஆண்டுதான் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். 1997-ல் 'பிசினஸ் டாட் காம்' ஒன்றரை லட்சம் டாலருக்குக் கைமாறியது. 1999-ல் அதே பெயர் 75 லட்சம் டாலருக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் 50 மடங்கு!

இந்தக் கதைகளில் ஒரு பொது அம்சம் உண்டு. எல்லாமே எளிய, எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்கள். அவையெல்லாம் எப்போதோ பதிவாகிவிட்டன. இன்று புதிதாக வருபவருக்குக் கிடைப்பது மற்றவர்கள் விட்டுவைத்த பெயர்களே. அவற்றுக்கும் விலை உண்டு. ஆனால், கணக்கு வேறு.

கணிப்பது எப்படி?

முதல் கேள்வி, இந்தப் பெயர் யாருக்குத் தேவைப்படும்? தேவைப்படக்கூடிய பத்து தொழில்களையாவது ஒரு தாளில் எழுத முடிய வேண்டும். ஒன்றுகூடத் தோன்றவில்லை என்றால், அதைப் பதிவு செய்தவருக்கு மட்டுமே அது அழகான பெயர்.

இரண்டாவது, போன் சோதனை. பெயரைப் போனில் ஒருமுறை சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் டைப் செய்ய வேண்டும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பதிவு செய்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 'வாழை' என்று சொன்னால் 'ழ'வுக்கு ஒருவர் 'இசட் ஹெச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். நெடிலுக்கு ஒரு 'ஏ'வா, இரண்டு 'ஏ'வா என்ற குழப்பம் வேறு. எத்தனை விதமாக எழுத முடியுமோ, அத்தனைக்கு விலை குறையும். நடுவில் சிறுகோடு, எண்கள் வந்தாலும் பெரும்பாலும் அதே கதிதான்.

மூன்றாவது, புள்ளிக்குப் பின்னால் வருவது. உலகச் சந்தையில் இன்றும் டாட் காம்தான் ராஜா. இந்தியாவுக்குள் வியாபாரம் செய்பவர்களுக்கு டாட் இன் போதும். டாட் ஏஐ என்பது கரீபியன் கடலில் உள்ள அங்குவிலா என்ற குட்டித் தீவுக்கு ஒதுக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவு அலை அடித்ததும் அதற்கு எங்கிருந்தோ மவுசு வந்துவிட்டது. அலையில் ஏறும் விலை, அலை ஓய்ந்தால் இறங்கவும் செய்யும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் இருக்கின்றன. சொந்தப் பயன்பாட்டுக்கு அருமை. மறுவிற்பனை என்று வரும்போது வாங்குபவர்கள் மிகக் குறைவு.

நான்காவது, பழைய விற்பனை விலை. மனை வாங்குபவர்கள் பக்கத்து மனைக்குப் புரோக்கர் சொல்லும் விலையை நம்பமாட்டார்கள். எவ்வளவுக்குக் கைமாறியது என்றுதான் விசாரிப்பார்கள். இங்கும் அப்படியே. 'நேம்பயோ' போன்ற தளங்களில் முன்பு விற்ற பெயர்களையும் விலையையும் தேடிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இருப்பவை விற்றவை மட்டுமே. விற்காமல் தூங்கும் பெயர்கள் அதில் வராது.

பெயரைப் போட்டால் நொடியில் விலை சொல்லும் இலவசக் கருவிகளும் உண்டு. ஒரே பெயருக்கு ஒன்று சொல்லும் விலையும் இன்னொன்று சொல்வதும் ஒத்துப்போகாது. அவற்றைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். அந்த விலையைக் கொடுக்க ஆள் வந்தால்தான் அது விலை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்...

ஒருவர் 100 பெயர்களை வைத்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் செலவு. அதில் ஒரே ஒரு பெயர் 30,000 ரூபாய்க்கு விற்றால் 70,000 நஷ்டம். இரண்டு பெயர்கள் தலா 50,000-க்குப் போனால்தான் போட்ட பணமாவது திரும்பும். விற்றுக்கொடுத்த தளத்தின் கமிஷன் தனி. அடுத்த ஆண்டு மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். ஆக, ஒரு பெயரின் விலையைக் கணிக்கும்போது, அது விற்கும்வரை ஆகும் செலவையும் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும்.

தொடவே கூடாதவை

பிரபல நிறுவனத்தின் பெயரை முந்திக்கொண்டு பதிவு செய்தால் கோடீஸ்வரர் ஆகிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. 'சிஃபி' என்ற பெயரில் தொழில் செய்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம், 'சிஃபிநெட்' என்று ஒலிக்கும் பெயரைப் பதிவு செய்த இன்னொரு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே பக்கமே தீர்ப்பளித்தது. வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு இணையதளப் பெயருக்கும் உண்டு என்பது அதில் உறுதியானது.

உலக அளவில் 'ஐகேன்' அமைப்பு 1999-ல் கொண்டுவந்த விதிகளும் இருக்கின்றன. வணிகச் சின்னத்தைப் போலவே குழப்பும் பெயர், அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்துடன் பதிவு செய்து பயன்படுத்தினார் என்ற மூன்றும் நிரூபணமானால் பெயர் பறிபோகும். நஷ்ட ஈடாக ஒரு பைசாகூடக் கிடைக்காது. அப்படிப்பட்ட பெயரின் மறுவிற்பனை மதிப்பு பூஜ்ஜியம். வக்கீல் செலவைச் சேர்த்தால் பூஜ்ஜியத்துக்கும் கீழே.

சான்றிதழ் கேட்டால் உஷார்!

பெயரை விற்பனைக்கு வைத்ததும் ஒரு மெயில் வரலாம். 'உங்கள் பெயரை 12,000 டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன். முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வேண்டும். இந்தத் தளத்தில் வாங்கினால்தான் ஏற்பேன்' என்று இருக்கும். சில ஆயிரங்களைக் கட்டி சான்றிதழ் வாங்கியதும் 'வாங்குபவர்' காணாமல் போய்விடுவார். சான்றிதழ் விற்றவரும் அவருடைய ஆளாகவே இருப்பார்.

இணையதளப் பெயருக்கு அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டுச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. உண்மையாக வாங்க வருபவர் விலை பேசுவாரே தவிர, விற்பவரைச் செலவு செய்யச் சொல்லமாட்டார். விலை படிந்தால் எஸ்க்ரோ வழியே முடிப்பது நல்லது. வாங்குபவரின் பணத்தை மூன்றாவது நிறுவனம் பிடித்து வைத்திருந்து, பெயர் மாறிய பிறகு விற்பவருக்குத் தரும் முறை அது. எஸ்க்ரோவிலும் போலிகள் உண்டு. எதிராளி அனுப்பும் லிங்க்கைத் தொடாமல், முகவரியை நேரடியாக டைப் செய்து போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெயராவது வாங்கி வைக்கத் தோன்றினால், முதலில் சொந்தக் கடையின் பெயரையோ, செய்யும் தொழிலின் பெயரையோ தேடிப் பார்க்கலாம். அதற்கு வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கெடு தேதியை மட்டும் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். கட்டணம் கட்டாமல் விட்டால் கொஞ்ச நாள் அவகாசம் கிடைக்கும். அதுவும் தாண்டினால், பல வருடம் பழகிய சொந்தப் பெயரையே இன்னொருவரிடம் விலை கேட்டு நிற்க வேண்டி வரும்.