மணப்பெண்ணுக்கும் ஒரு நோட்டு வேண்டும்!

கலியாண வீட்டில் எது மறந்தாலும் மொய் நோட்டு மறக்காது.

மாலை வரத் தாமதம் ஆகலாம். சாம்பாரில் உப்புக் குறையலாம். ஆனால், தாலி கட்டி முடிவதற்குள் பந்தலில் ஒரு மேஜை வந்துவிடும். இரண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் பணத்தை எண்ணுவார். மற்றவர் எழுதுவார். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. மூலைக்கு மூலை மஞ்சள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதுவார்கள். 51 ரூபாய் மொய்கூட விட்டுப்போகாது.

இராஜபாளையத்துக்கு அருகில் உள்ள சோழபுரத்திலும் இதுதான் வழக்கம். சுற்றியுள்ள ஊர்களிலும் இதே வழக்கம்தான். பத்து ஆண்டு கழித்து எதிர்மொய் செய்யும்போது, பெட்டியின் அடியில் இருந்து பழைய நோட்டை எடுத்துப் பார்ப்பார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

நல்ல பழக்கம்தான். ஆனால், இங்கே ஒரு கேள்வி எழுகிறது.

51 ரூபாய்க்கு எழுத்து இருக்கிறது. பல லட்சம் ரூபாய் பெறுமான நகைகளோடு ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாளே, அதற்கு எழுத்து எங்கே?

பல வீடுகளில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை!

பாத்திரத்தில் பெயர் உண்டு

சீர் வரிசைக்குப் பித்தளைக் குடம் வாங்கினால், அதில் பெயர் வெட்டித் தரச் சொல்கிறார்கள். எவர்சில்வர் தூக்குவாளியிலும் பெயர் வெட்டச் சொல்கிறார்கள். நாளைக்குப் பாத்திரம் மாறிவிடக் கூடாது அல்லவா?

ஆனால் சங்கிலியில் பெயர் இல்லை. வளையலில் பெயர் இல்லை. எது அம்மா போட்டது, எது மாமா போட்டது என்பதெல்லாம் வாய்ப்பேச்சில்தான் நிற்கிறது. வாய்ப்பேச்சு எத்தனை நாளைக்கு நிற்கும்?

குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்வரை தொல்லை இல்லை. மனஸ்தாபம் வந்துவிட்டால், "நீ என்ன கொண்டு வந்தாய்?" என்ற கேள்வி வரும். அப்போது பெண் யாரைச் சாட்சிக்கு அழைப்பாள்? பந்தலில் சாப்பிட்டுப் போனவர்களையா?

89 பவுன் வழக்கு

கேரளத்தில் நடந்த ஒரு வழக்கு எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டியது.

2003-ம் ஆண்டில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் நடந்தது. பெண் வீட்டார் 89 பவுன் நகை போட்டார்கள். பவுனுக்கு 8 கிராம் வீதம், அது 712 கிராம் தங்கம். கலியாணத்தன்று இரவே, "பத்திரமாக இருக்கட்டும்" என்று சொல்லிக் கணவர் அந்த நகைகளை வாங்கித் தம் தாயாரிடம் கொடுத்துவிட்டார் என்றும், அவர்களுடைய பழைய கடன்களுக்கு அவை போய்விட்டன என்றும் பெண் வழக்குப் போட்டார்.

2011-ல் குடும்பநலக் கோர்ட்டு பெண்ணுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. ஐகோர்ட்டோ, போதிய நிரூபணம் இல்லை என்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

நியாயம் கிடைத்தது. ஆனால் கலியாணத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 21 ஆண்டுகள் ஓடிவிட்டன!

அந்தத் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. பெண் கொண்டு வந்த சீதனம் பெண்ணுக்கே சொந்தம். அது கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவான சொத்து ஆகாது. கஷ்ட காலத்தில் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இது புதிய கருத்தும் இல்லை. 1985-லேயே இன்னொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லியிருக்கிறது. மனைவியின் நகையைக் கையில் வைத்திருக்கும் கணவன், அதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பாளிதான். அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால் நம்பிக்கை மோசடி ஆகும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டமே சொல்லும் நோட்டு

பெண்ணுக்கு வந்த பொருள்களை எழுதி வைக்க வேண்டும் என்று சட்ட விதியே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. அந்த விதி 1985-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, நடைமுறைக்கு வந்தது.

அதன்படி, மணப்பெண்ணுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை மணப்பெண் வைத்திருக்க வேண்டும். மணமகனுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை மணமகன் வைத்திருக்க வேண்டும். கலியாண சமயத்திலோ, அல்லது அது முடிந்ததும் கூடிய சீக்கிரத்திலோ எழுதிவிட வேண்டும்.

எப்படி எழுதுவது? ஒன்றும் கஷ்டம் இல்லை. நான்கு விவரங்கள் போதும்.

பொருள் என்ன? அதன் மதிப்பு ஏறக்குறைய எவ்வளவு? கொடுத்தவர் யார்? அவர் என்ன உறவு?

"நெளி மோதிரம் ஒன்று, அரைப் பவுன், தாய்மாமன் கொடுத்தது" என்பது போல் எழுதி, மதிப்பையும் மாமன் பெயரையும் சேர்த்தால் ஒரு வரி முடிந்தது. இப்படியே பீரோ, கட்டில், கிரைண்டர் என்று எழுதிக்கொண்டே போகலாம். கடைசியில் மணமகனும் மணமகளும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்களைச் சட்டம் மறக்கவில்லை. பட்டியலை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டியவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அவர் கைநாட்டு வைக்கலாம்.

இரண்டு பிரதி எழுதி, ஒன்றைத் தாய் வீட்டில் வைப்பது புத்திசாலித்தனம்.

வரதட்சிணைக்கு இது திரை ஆகாது

"பட்டியலில் எழுதிவிட்டோம், இனி எது கேட்டாலும் தப்பில்லை" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேட்டு வாங்கியது வரதட்சிணைதான். எழுதினாலும் அது குற்றமே.

1961-ம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டப்படி, வரதட்சிணை வாங்கினாலும் கொடுத்தாலும் பொதுவாக 5 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. அபராதம் 15,000 ரூபாய், அல்லது வரதட்சிணையின் மதிப்பு, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாது. கேட்பதே தனிக் குற்றம்.

கேட்காமல், பிரியத்தோடு கொடுப்பதற்குத் தடை இல்லை. அதுவும் வழக்கமான பரிசாக, கொடுப்பவரின் சக்திக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். காட்டை விற்று, வட்டிக்கு வாங்கிச் செய்வதைச் சட்டம் பரிசு என்று ஒப்புக்கொள்ளாது.

இன்னொன்று. வரதட்சிணை என்று பிறர் கைக்குப் போன பொருளும் பெண்ணுக்கே சேர வேண்டியது. மூன்று மாதத்துக்குள் அதை அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

"நல்ல காரியத்தில் சந்தேகமா?"

பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். "தாலி ஏறும் நேரத்தில் கணக்கு எழுதினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று தயங்கலாம்.

மொய் நோட்டைப் பார்த்து யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? "என்னை நம்பவில்லையா?" என்று மொய் எழுத வந்தவர் கேட்கிறாரா? இல்லை. தம் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் எட்டிப் பார்க்கிறார். கணக்கு எழுதினால் உறவு கெடாது. கணக்கு இல்லாதபோதுதான் சண்டை வருகிறது.

இந்த நோட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கும் காவல்தான். பத்துப் பவுன் கொண்டு வந்ததை இருபது பவுன் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. நேர்மையான குடும்பம் எதற்காக அஞ்ச வேண்டும்?

நோட்டை முன்னதாகவே தொடங்கலாம்

கலியாண நாளில் மணப்பெண்ணுக்கு எழுத நேரம் இருக்காது. ஆகையால் நிச்சயதார்த்தம் முடிந்ததும் அவளே ஒரு நோட்டு வாங்கித் தொடங்குவது நல்லது.

முதல் பகுதியில் செலவு. மண்டபம், சாப்பாடு, புடவை, நகை, பந்தல், பத்திரிகை என்று தனித்தனியே எழுதலாம். கையில் உள்ள பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். தனக்காக அப்பா எவ்வளவு கடன் வாங்குகிறார் என்பது மகளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், "இந்தப் பட்டுப் புடவை வேண்டாம், விலை குறைந்தது போதும்" என்று அவளே சொல்லக்கூடும்.

இரண்டாம் பகுதியில் நகையும் சீரும். கடை ரசீதைப் பெண் பெயரில் வாங்கி, இந்தப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். 22 காரட் நகையில் 916 என்ற எண் இருக்கும். அதோடு ஹால்மார்க் முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளமும் இருக்கும். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல், மிகச் சிறிய உருப்படிகள் போன்ற சில விலக்குகள் தவிர, இந்த அடையாளம் இல்லாத தங்க நகையைக் கடையில் விற்கக் கூடாது. ஒரு நகையின் அடையாளம் இன்னொரு நகைக்கு வராது. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டால், குடத்தில் பெயர் வெட்டியது போல ஆகிவிடும்!

மூன்றாம் பகுதியில் பத்திரங்கள். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று எழுத வேண்டும். படிப்புச் சான்றிதழ் நகைக்குக் குறைந்தது அன்று. தமிழக அரசே இதை உணர்த்தியது. 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், பின்னாளில் தாலிக்குத் தங்கமும் கொடுத்து வந்தார்கள். 2022-ல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தங்கத்தின் இடத்துக்குப் படிப்பு வந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு தேதியைப் பெரிதாக எழுத வேண்டும். அது கலியாணத்தைப் பதிவு செய்யக் கடைசி நாள். 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எல்லா மதத்தாரும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டிச் செய்யலாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக ஒரு நாளை ஒதுக்கினால் போதும்.

பெண்ணிடம் கேட்கலாமே!

இத்தனைக்கும் முன்னால் ஒன்று உண்டு. பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு 21 நிரம்பியிருக்க வேண்டும். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு இதை வெளியூரார் வந்து சொல்ல வேண்டியதில்லை. சோழபுரத்தாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர். தான் யாரை மணப்பேன் என்பதை ஆண்டாள் தந்தை பெரியாழ்வாரிடம் தன் வாயாலேயே சொன்னாள் என்பது வரலாறு. பெரியாழ்வார் அதட்டவில்லை, காது கொடுத்துக் கேட்டார். ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாள் திருக்கல்யாணத்தைக் கண்டு வணங்குகிறவர்கள், தங்கள் வீட்டுப் பெண்ணின் வாயை அடைக்கலாமா?

மாவட்டச் சமூக நல அலுவலகங்கள் இந்தப் பட்டியலை எளிய தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். கலியாண மண்டபக்காரர்கள் சாவியோடு ஒரு படிவத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். செலவு சொற்பம்; பயன் பெரிது. தொல்லைக்கு ஆளான பெண்கள் 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து உதவி கேட்கலாம்.

பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று ஊர் பேசும். சில நாளில் மறந்துவிடும். இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு நோட்டு மறக்காது. அதன் விலை சில ரூபாய்தான். எந்த ஏழைத் தகப்பனாரும் கடன் வாங்காமல் மகளுக்குக் கொடுக்கக்கூடிய சீர் அது!